மணம் வரக் காத்திருக்கும் கிழங்கு

ஒரு துண்டு இஞ்சியை ஒடித்து மூக்கருகே கொண்டு செல்லுங்கள். ஒடித்த அந்த நொடியிலேயே காரமும் மணமும் கலந்து வந்து மூக்கைத் தொடும். பச்சை மஞ்சளைக் கீறினாலும் அப்படித்தான். வசம்பை உரசினால் அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். வெட்டிவேரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அலசிப் பானையில் போட்டால் தண்ணீரே மணக்கிறது. நமக்குப் பழக்கமான மணமுள்ள வேர்களும் கிழங்குகளும், மண்ணிலிருந்து வெளிவரும்போதே தம் மணத்தோடு வருகின்றன.

இத்தாலி நாட்டில் விளையும் ஒரு கிழங்கு இப்படிப்பட்டதன்று. அதைத் தோண்டி எடுத்து ஒடித்து முகர்ந்தால், பச்சை உருளைக்கிழங்கை நறுக்கினாற்போல் ஒரு மண்வாடைதான் வரும். தோலைச் சீவி, வெயிலில் உலர்த்தி, சாக்கில் கட்டி, காற்றோட்டமான கிடங்கில் போட்டுவிடுகிறார்கள். ஓர் ஆண்டு போகிறது, இரண்டு போகிறது, மூன்றும் போகிறது. பிறகு சாக்கைத் திறந்தால் உள்ளே வயலட் பூவின் மணம்! யாரும் அதன்மேல் எதையும் தெளிக்கவில்லை. எதிலும் ஊற வைக்கவில்லை. கிழங்கு சும்மா கிடந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கிழங்கைத் தரும் செடியின் பெயர் ஐரிஸ். அதிலிருந்து எடுக்கப்படும் சாரம் உலகின் மிக விலையுயர்ந்த வாசனைப் பொருள்களுள் ஒன்று. ஆண்களுக்கான செண்டுகளிலேயே பெயர்பெற்ற ஒன்று இந்த மணத்தை மையமாக வைத்துத்தான் உருவாயிற்று. அந்தச் செண்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் கிழங்கையும், பிறகு வேதியியலையும், கடைசியாக நம் மூக்கையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

வசம்பின் போலி உறவு

ஐரிஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் வானவில்லின் தேவதை. பூக்கள் பல நிறங்களில் பூப்பதால் செடிக்கு அந்தப் பெயர் வந்தது. நம் கண்ணில் பாவையைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையத்துக்கும் ஐரிஸ் என்றே பெயர். அதுவும் ஆளுக்கொரு நிறம் காட்டுவதால்தான். இந்தியாவிலும் ஐரிஸ் உண்டு. காஷ்மீரில் கல்லறைகளின்மேல் இதை நட்டு வளர்ப்பது வழக்கம்.

செடியைப் பார்த்தால் உங்களுக்கு வசம்பு நினைவுக்கு வரும். அதே வாள் போன்ற நீண்ட இலைகள்; அதே போல் தரையோடு தரையாகக் கிடையாகப் படரும் கிழங்கு. ஐரோப்பாவின் நீர்நிலை ஓரங்களில் வளரும் மஞ்சள் ஐரிஸுக்குத் தாவரவியலார் வைத்த பெயரின் பொருளே ‘போலி வசம்பு’ என்பதுதான். உண்மையில் இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்னொரு வேடிக்கையான ஒற்றுமையும் உண்டு. நம் ஊரில் கைக்குழந்தைக்கு வசம்பை வளையலாகக் கோத்துக் கட்டுவார்கள். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே அதற்கு ஒரு பெயர். ஐரோப்பாவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கு உலர்ந்த ஐரிஸ் கிழங்கின் துண்டைக் கடிக்கக் கொடுத்து வந்தார்கள். (இரண்டையும் இன்றைய மருத்துவர்கள் ஆதரிப்பதில்லை, உங்கள் வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.)

கிழங்கு என்று சொன்னாலும், பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்தது போல இது வேர் அன்று, மட்டநிலத் தண்டு. இஞ்சியைப் போலவே கணுக்கள் உண்டு, மொட்டுகள் உண்டு. வாசனைக்காகப் பயிரிடப்படுவது முக்கியமாக இரண்டு இனங்கள். வெளிர் ஊதாப் பூவுடைய பாலிடா இனம் இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் விளைகிறது. ஜெர்மானிக்கா இனம் மொராக்கோவில் பயிராகிறது. டஸ்கனியின் தலைநகரான ஃபிளாரன்ஸின் சின்னத்தில் காணப்படும் சிவப்பு மலர் அல்லி என்று அழைக்கப்பட்டாலும், அது ஐரிஸே என்பது பலரின் கருத்து.

ஃபிளாரன்ஸுக்குத் தெற்கே கியாந்தி என்ற குன்றுப் பகுதி இருக்கிறது. அங்கே கல்லும் சரளையுமான சரிவுகளில் இதை நடுகிறார்கள். தண்ணீர் பாய்ச்சுவதில்லை. நட்டால் சுமார் மூன்று ஆண்டுகள் அதைத் தொடுவதும் இல்லை. பிறகு ஒரு கோடையில் தோண்டி, இலையோடு கூடிய நுனித் துண்டை மட்டும் அடுத்த பயிருக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியை வளைந்த சிறு கத்தியால் ஒவ்வொன்றாகக் கையால் தோல் சீவுகிறார்கள். கணுக்களும் முடிச்சுகளுமாகக் கோணல்மாணலாக இருக்கும் கிழங்கை ஒழுங்காகச் சீவ, பழகிய கையை மிஞ்ச எந்திரம் இல்லை. குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தாரும் கூடி உட்கார்ந்து செய்யும் வேலை இது. சீவிய கிழங்கு வெயிலில் உலர்ந்து சுண்ணாம்புக் கட்டி போல் வெளுத்துவிடும்.

மண்ணில் மூன்று ஆண்டு, கிடங்கில் மூன்று ஆண்டு. ஆக ஆறு ஆண்டு! இன்று ஆறாம் வகுப்பில் சேரும் ஒரு மாணவன் நட்ட கிழங்கு, அவன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும்போதுதான் மணக்கும்.

கிடங்கில் என்னதான் நடக்கிறது?

பழைய அரிசி புது அரிசியைவிட நன்றாக உதிரும் என்று நெல்லைப் பழையதாக்குவார்கள். வனிலாக் காயும் பறித்தவுடன் மணப்பதில்லை. பதப்படுத்திய பிறகே மணக்கும். ஆகவே ‘வைத்திருந்து பக்குவப்படுத்துவது’ நமக்குப் புதிதன்று. ஐரிஸ் கிழங்கில் நடப்பதைத் தெளிவாகச் சொல்ல, அறிவியலார் 1980-களில்தான் வழி கண்டார்கள்.

பச்சைக் கிழங்கில் இரிடால்கள் எனப்படும் சேர்மங்கள் நிறைய உள்ளன. ஒவ்வொரு மூலக்கூறும் 30, 31 கார்பன் அணுக்கள் கொண்ட பெரிய உருவம். இவ்வளவு பெரிய மூலக்கூறு எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பொருள் மூக்கை எட்டாது. மூக்கை எட்டாததற்கு மணம் ஏது? கிடங்கில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜன் இந்தப் பெரிய மூலக்கூறை மெல்ல மெல்ல அரிக்கிறது. ஒரு பகுதி உடைந்து தனியே வருகிறது. அதில் 14 கார்பன், 22 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன். அதற்குப் பெயர் ஐரோன். இது ஆவியாகும் அளவுக்குச் சிறியது, மூக்கை எட்டுகிறது, மணக்கிறது.

இரும்பு துருப்பிடிப்பதும் மெதுவான ஆக்ஸிஜனேற்றம்தான். ஒரு பக்கம் கதவுக் கீலைத் தின்னும் அதே வேலை, இன்னொரு பக்கம் இப்படி ஒரு நறுமணத்தைச் செய்து வைக்கிறது.

ஆறு ஆண்டு முடிந்தது. இனிக் கிழங்கைப் பொடி செய்து நீராவியால் காய்ச்சி வடிக்க வேண்டும். வடித்தெடுத்தது எண்ணெயாக இராது. ஆறியதும் வெளிர் மஞ்சள் நிறத்தில் உறைந்துவிடும். இதை ‘ஐரிஸ் வெண்ணெய்’ என்கிறார்கள். உறைய வைப்பது ஐரோன் அன்று. கூடவே வடிந்து வரும் மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதன் உருகுநிலை சுமார் 54 டிகிரி செல்சியஸ். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? மிரிஸ்டிகா என்பது நம் சாதிக்காயின் தாவரவியல் பெயர். சாதிக்காய்க் கொழுப்பில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். தேங்காய் எண்ணெயிலும் இந்த அமிலம் கணிசமாக உண்டு.

இப்போது ஒரு சிறு கணக்கு. 1 டன் உலர்ந்த கிழங்கிலிருந்து கிடைக்கும் வெண்ணெய் சுமார் 2 கிலோ. அதில் ஐரோன் சுமார் 15 சதவீதம். ஆகவே கைக்கு வரும் ஐரோன் எவ்வளவு? 300 கிராம். ஒரு டன் கிழங்கு, ஆறு ஆண்டு, கையால் சீவிய உழைப்பு, எல்லாம் சேர்ந்து 300 கிராம்! வெண்ணெயிலுள்ள அமிலத்தை நீக்க ஓர் எளிய வழி உண்டு. காரம் சேர்த்தால் கொழுப்பு அமிலம் சோப்பாக மாறிப் பிரிந்துவிடும். ஐரோன் காரத்தோடு சேராமல் தனியே நிற்கும். இப்படிச் சுத்தம் செய்த சாரத்தின் விலையைப் பேசும்போது வணிகர்கள் தங்கத்தை ஒப்பிட்டுப் பேசுவதில் வியப்பில்லை.

ஓர் அணு தவறியதால்

இவ்வளவு விலை என்றால், ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாதா என்ற கேள்வி வராமல் இருக்குமா? பெர்லினில் பெர்டினாண்ட் டீமான் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். 1874-இல் வனிலாவின் மணப்பொருளான வனிலினைச் செயற்கையாகச் செய்து காட்டியவர்களில் ஒருவர் அவர். அவரும் பால் குரூகர் என்பவரும் ஐரிஸ் கிழங்கிலிருந்து மணப்பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு ஐரோன் என்று பெயரிட்டு, 1893-இல் வெளியிட்டார்கள். அதன் வாய்பாட்டையும் கண்டார்கள்: 13 கார்பன், 20 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன்.

கவனித்தீர்களா? மேலே 14 கார்பன், 22 ஹைட்ரஜன் என்று சொன்னோம். ஆமாம், அவர்கள் கண்ட வாய்பாடு தவறு. ஆனால் அவர்களைக் குறை சொல்லுமுன் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 13 கார்பன் உள்ள பொருளின் மூலக்கூறு எடை 192; அதில் கார்பனின் பங்கு 81.3 சதவீதம். 14 கார்பன் உள்ளதன் எடை 206. கார்பனின் பங்கு 81.6 சதவீதம். வித்தியாசம் வெறும் 0.3! அந்தக் காலத்தில் பொருளை எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடை நிறுத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். கையில் இருந்த ஐரோனோ மிகச் சிறிதளவு. அந்த 0.3 சதவீதம் கைநழுவியதில் என்ன ஆச்சரியம்?

தவறான வாய்பாட்டை வைத்துக்கொண்டு டீமான் இப்படி யோசித்தார். எலுமிச்சைப்புல் தைலத்தில் உள்ள சிட்ராலில் 10 கார்பன். அசிட்டோனில் 3 கார்பன். இரண்டையும் சேர்த்து ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றினால் 13 கார்பன், 20 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன் வந்துவிடுமே! செய்தார். கிடைத்த பொருளில் எதிர்பார்த்த மணம் இல்லை. அதை நீர்த்த கந்தக அமிலத்தோடு சூடாக்கினார். நீளமாகக் கிடந்த கார்பன் சங்கிலியின் ஒரு பகுதி வளைந்து ஆறு அணு வளையமாக மூடிக்கொண்டது. வயலட் பூவின் மணம் எழுந்தது.

அது ஐரோன் அன்று. ஒரு கார்பன் குறைந்த அதன் தம்பி. அதற்கு அயனோன் என்று பெயர் வைத்தார்கள். சரியான வாய்பாடு முதலிலேயே தெரிந்திருந்தால் டீமான் சிட்ராலின் பக்கம் திரும்பியே இருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைவிட விந்தை, வயலட் பூவின் மணத்துக்கே காரணம் இந்த அயனோன்தான் என்பது பிற்காலத்தில் தெரிய வந்தது. கிழங்கைத் தேடிப் போனவர் கையில் பூ கிடைத்தது.

சிட்ராலுக்கு எங்கே போவது? இங்கேதான் நம் பக்கத்து ஊர் வருகிறது. கேரளத்தின் மலைச்சரிவுகளில் விளையும் எலுமிச்சைப்புல்லைக் காய்ச்சி வடித்த தைலம் கொச்சித் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியது. அதில் முக்கால் பங்குக்கு மேல் சிட்ரால். ஐரோப்பியச் சீமாட்டியின் கைக்குட்டையில் மணத்த ‘வயலட்’டில் நிறைய, பெரியாற்றங்கரைப் புல்லிலிருந்து போனதே. பிற்காலத்தில் பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்தும் டர்பன்டைனிலிருந்தும் சிட்ராலும் அயனோனும் செய்யும் முறைகள் வந்து, புல் தைலத்தின் சந்தையில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன.

ஐரோனின் உண்மை உருவத்தைக் கண்டு முடிக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. சூரிச் நகரில் பணியாற்றிய லியோபோல்ட் ருசிச்கா, 1939-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர், 14 கார்பன் என்பதை 1933-இல் நிலைநாட்டினார். அணுக்கள் அமைந்திருக்கும் விதம் 1947-இல் தெளிவாயிற்று. அயனோனுக்கும் ஐரோனுக்கும் உள்ள வேறுபாடு, வளையத்தில் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மீதைல் தொகுதி மட்டுமே.

அதே 1947-இல் இந்தக் கதையின் இன்னொரு கிளை பழுத்தது. பீட்டா அயனோனின் வளையத்தை உற்றுப் பார்த்தால், அது கேரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டினின் இரு முனைகளிலும் உள்ள அதே வளையம் என்று தெரியும். வைட்டமின் ஏ-யிலும் அதே வளையம். சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் ஓட்டோ இஸ்லர் குழுவினர் பீட்டா அயனோனிலிருந்து தொடங்கி வைட்டமின் ஏ-யைத் தொழில்முறையில் செய்யும் வழியை 1947-இல் கண்டார்கள். மாலைக்கண் நோயைத் தடுக்கும் மருந்துக்கும், கைக்குட்டையில் தெளிக்கும் செண்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்து சரக்கு! வாசனை ஆராய்ச்சி வெறும் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பவுடர் பெட்டியிலிருந்து ஆண்களின் சட்டைக்கு

உலர்ந்த ஐரிஸ் கிழங்கைப் பொடி செய்தால் மாவு போல் இருக்கும். ஐரோப்பாவில் பொய்முடிகளுக்குத் தூவும் பொடியிலும், பெண்களின் முகப் பவுடரிலும் இதைக் கலந்து வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இந்தப் பொடி பலருக்குத் தும்மலும் ஒவ்வாமையும் தருகிறது என்று மருத்துவர்கள் கண்டதால் பவுடர்களிலிருந்து அது விலக்கப்பட்டது. ஆனால் அதற்குள் மக்கள் மனத்தில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. ஐரிஸ் மணம் என்றால் பவுடர். பவுடர் என்றால் பெண்கள். 1906-இல் கெர்லேன் நிறுவனம் வெளியிட்ட ‘மழைக்குப் பின்’ என்ற பொருள்படும் செண்டு முதல் எத்தனையோ புகழ்பெற்ற ஐரிஸ் செண்டுகள் பெண்களுக்கென்றே விற்கப்பட்டன.

ஆண்களுக்கு? எலுமிச்சை, லாவண்டர், மரம், புகையிலை, தோல். சவரம் செய்த முகத்தில் தடவிக்கொள்ளும் வாசனை என்றால் இப்படித்தான் என்று ஓர் எழுதாத சட்டம். மூலக்கூறுக்கு ஆண் பெண் தெரியுமா? 14 கார்பனில் எந்த இடத்தில் அது எழுதியிருக்கிறது? நம் ஊரில் வெட்டிவேர் விசிறியை ஆணும் பெண்ணும் வீசிக்கொள்கிறார்கள்; அத்தரை ஆண்கள்தாம் அதிகம் பூசிக்கொள்கிறார்கள், ரோஜா அத்தர் உட்பட. பழக்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

1994-இல் பாரிஸில் செர்ஜ் லூட்டென்ஸ் என்ற கலைஞருக்காக மொரீஸ் ரூசெல் என்ற வாசனைக் கலவையாளர் ‘ஐரிஸ் சில்வர் மிஸ்ட்’ என்ற செண்டைச் செய்தார். பெரிய நிறுவனங்களின் பொதுச் சந்தைக்கு அன்றி, மணத்தை நுணுகி ரசிக்கும் சிலருக்கென்று செய்யப்பட்டது அது. ஐரிஸ் மணம் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று லூட்டென்ஸ் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஐரிஸ் தொடர்புள்ள பொருள் என்று பட்டியலில் இருந்த அத்தனையையும் ரூசெல் கலந்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். அதன் மணத்தில் இனிப்புக் கிடையாது. நறுக்கிய பச்சைக் கேரட், ஈர மண், குளிர்ந்த உலோகம். மலர் எங்கோ தொலைவில் நிற்கும். ஆணுக்கா பெண்ணுக்கா என்று அதில் எழுதவில்லை.

2005-இல் டியோர் நிறுவனம் அந்த எழுதாத சட்டத்தைக் கடைவீதியிலேயே மீறியது. ஒலிவியே போல்ஷ் செய்த ‘டியோர் ஓம்’. ஓம் என்றால் பிரெஞ்சு மொழியில் ஆண். அதன் நடுவே வைத்தது ஐரிஸை! முதலில் லாவண்டர், அதாவது ஆண்களுக்குப் பழக்கமான வாசல். அதைத் தாண்டி உள்ளே போனால் ஐரிஸ், அதனோடு கொக்கோவின் உலர்ந்த வாசனை. அடியில் வெட்டிவேரும் தோலும். ஐரிஸின் பவுடர்த் தன்மை இனிப்பாகிப் போகாமல் கொக்கோவின் கசப்பு பிடித்து வைக்கிறது. வெட்டிவேர் அதைத் தரைக்கு இழுக்கிறது. பழைய சட்டத்தை உடைத்தவர் ஒரே அடியில் உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 2020-இல் அந்நிறுவனம் அதே பெயரில் மரவாசனை மிகுந்த வேறொரு கலவையை வெளியிட்டது. பழையதை விரும்பியவர்கள் வருந்தினார்கள். எனக்கு அது வியப்பாக இல்லை. ஒரு பாட்டின் மெட்டை மாற்றிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும்?

ஏன் லாவண்டர் முன்னே, வெட்டிவேர் பின்னே?

கலவையாளர் எல்லாவற்றையும் ஒரே புட்டியில்தானே ஊற்றுகிறார்? பிறகு எப்படி ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன? இது ஆவியாதல் நடத்தும் ஓட்டப்பந்தயம். முதலில் ஆல்கஹால் பறந்துவிடும். பிறகு ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன். மூலக்கூறு எடை 136. லாவண்டரின் லினலூல் 154. ஐரோன் 206, ஆகவே நடுவில் வந்து மணிக்கணக்கில் நிற்கும். வெட்டிவேரின் மணப்பொருள்கள் 15 கார்பன் உள்ளவை. எடை 220-ஐ ஒட்டியவை. அவை மறுநாள் காலையிலும் சட்டையில் இருக்கும்.

எடை மட்டும்தான் காரணம் என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். சிட்ராலின் மூலக்கூறு எடை 152. வனிலினுக்கும் அதே 152. ஆனால் காகிதத்தில் ஒரு துளி வைத்தால் சிட்ரால் முன்னதாகவே போய்விடும். வனிலின் நாள்கணக்கில் இருக்கும். வனிலினில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி ஹைட்ரஜன் பிணைப்பால் பக்கத்து மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கிறது. பிடி இறுகியவன் எளிதில் கிளம்பமாட்டான்.

எனவே ஒரு செண்டைப் புட்டியின் வாயில் முகர்ந்து ‘நன்று’ ‘நன்றன்று’ என்று தீர்ப்புச் சொல்வது, நாவலின் அட்டையைப் பார்த்துக் கதை சொல்வது போல. துறை அறிந்தவர்கள் காகித நாடாவில் ஒரு துளி விட்டு, உடனே ஒருமுறை, கால் மணி கழித்து ஒருமுறை, இரண்டு மணி கழித்து ஒருமுறை, மறுநாள் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார்கள். இடையில் மூக்கை வெளிக்காற்றில் ஓய விடுவார்கள். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். நம் வீட்டின் வாசனை நமக்குத் தெரியாமல், வந்த விருந்தினருக்குத் தெரிவது இதனால்தான்.

உங்கள் மூக்கும் என் மூக்கும்

இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரே செண்டை இருவர் முகர்ந்து, ஒருவர் மலர் என்கிறார், மற்றவர் ஒன்றுமே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?

மூக்கின் உச்சியில் உள்ள நரம்பு செல்களில் மணத்தை வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-இல் கண்டறிந்தார்கள். 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதனிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் சுமார் 400. 2013-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் பீட்டா அயனோனை எடுத்துக்கொண்டு, அதை நன்றாக உணர்பவர்களையும் உணராதவர்களையும் ஒப்பிட்டார்கள். வேறுபாடு ஓஆர்5ஏ1 என்ற ஒரே ஏற்பியில் இருந்தது. அந்தப் புரதத்தில் 183-ஆவது இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் இருந்தால் மணம் தெளிவாகத் தெரிகிறது; அங்கே அஸ்பரஜின் இருந்தால் ஏற்பி மந்தமாகிவிடுகிறது. நன்றாக உணர்பவர்கள் ‘மலர்’ என்றார்கள்; உணராதவர்களுக்கு அதே பொருள் செறிவாக இருக்கும்போது புளிப்பு வாடை போலத் தெரிந்தது. ஆகவே இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

இனி ஒரு கஷ்டமான விஷயம். அயனோனும், இன்று செயற்கை ஐரோனும், ஆலையில் சில நாளில் தயாராகின்றன. கிடங்கில் மூன்று ஆண்டு நடப்பதை நுண்ணுயிர்களைக் கொண்டு விரைவாக முடிக்கும் முறைகளையும் முயன்றிருக்கிறார்கள். அப்படியானால் கியாந்திக் குன்றில் வளைந்த கத்தியோடு உட்கார்ந்திருப்பவர் கதி என்ன? அவருடைய சிக்கல் இதுதான். இன்று விலை ஏறியிருக்கிறதே என்று நட்டால், சரக்கு சந்தைக்கு வர ஆறு ஆண்டு ஆகும். அவரைப் போலவே எல்லாரும் நட்டிருந்தால் ஆறாம் ஆண்டில் கிழங்கு குவிந்து விலை விழும். விழுந்த விலையைப் பார்த்து நிலத்தைத் திராட்சைக்கு மாற்றினால், அடுத்த ஆறாம் ஆண்டில் கிழங்குக்குப் பஞ்சம். வெங்காய விலை ஆடும் ஆட்டத்தை நாம் பார்த்ததில்லையா? இது ஆறு ஆண்டு நீளமுள்ள வெங்காயக் கணக்கு. செயற்கைப் பொருள் இந்த ஆட்டத்தில் ஒரு நிரந்தரப் போட்டியாளர். ஆயினும் ஐரிஸ் வெண்ணெயில் ஐரோன் மட்டும் இல்லை; சிறு சிறு அளவில் வேறு பல பொருள்களும் உள்ளன. கேரட்டும் மண்ணும் மாவும் மணப்பது அவற்றாலும்தான். அந்தக் கூட்டுக்காகவே இன்றும் சில கலவையாளர்கள் கிழங்கை வாங்குகிறார்கள்.

விலையுயர்ந்த செண்டு உங்களுக்கு வேண்டியதில்லை. அயனோன் நம் தெருவிலேயே இருக்கிறது: மருதாணிப் பூ! இலையை அரைத்துக் கைக்கு வைத்துக்கொள்ளும் நாம், வெளிர் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் அதன் பூவைக் கவனிப்பதில்லை. அதன் எண்ணெயில் ஆல்ஃபா, பீட்டா அயனோன்களே முக்கியம். மாலையில் ஒரு கொத்துப் பறித்து வந்து, வகுப்பில் ஒவ்வொருவரும் தனித்தனியே முகருங்கள். அடுத்தவர் சொல்வதைக் கேட்குமுன் ஒரு தாளில் எழுதிவிட வேண்டும்: மணம் தெரிகிறதா, தெரிந்தால் எதைப் போல, 1 முதல் 5 வரை எத்தனை மதிப்பெண். பிறகு எல்லாத் தாள்களையும் சேர்த்துக் கரும்பலகையில் ஒரு பட்டைப்படம் வரையுங்கள். ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று எழுதியவரை மட்டும் யாரும் கேலி செய்யக் கூடாது. அவருடைய பெற்றோரும் அதே பூவை முகர்ந்து பார்க்க இசைந்தால், அந்த விடைகளையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.